பருத்திப்பட்டுக்கு ஒரு நாள் முன்னால் வந்தவர்

சிரிக்கிறதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். பேய், பிசாசு, ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். அம்பத்தூரில் லேத் மெஷின் முன்னால் என் வயசு பூராவும் நின்றேன், ஒரு நூல் கூடக் குறைய இருந்தால் பீஸைத் தூக்கி எறிகிற கை இது. எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் வெள்ளையாக என்னமோ நிற்கிறது என்று ஒரு வாரம் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தபோது, நேரே போய்ப் பார்த்து, காயப்போட்ட வெள்ளைச் சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து காட்டியவனும் நான்தான். அப்படிப்பட்டவன் வாயிலிருந்து இது வருகிறது, அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

நான் பிறந்து வளர்ந்தது ரங்கூனில். அம்மா முகம் எனக்கு ஞாபகம் இல்லை, அப்பா முருகேசன் மட்டும்தான். அவர் ஆவடிக்குப் பக்கத்தில் பருத்திப்பட்டு என்கிற ஏரிக்கரை ஊரில் பிறந்து, பத்தொன்பது வயதில் கப்பல் ஏறி, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அப்புறம் அரிசி மில்லில் சேர்ந்து, ஊர்ப் பக்கம் திரும்பியே பார்க்காதவர். அறுபதுகளில் பர்மாவில் கடை, மில் எல்லாவற்றையும் சர்க்கார் எடுத்துக்கொண்டு நம்மவர்களைக் கப்பல் கப்பலாக அனுப்பிவைத்தார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது. கப்பலுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அவருக்கு வயிற்றுப்போக்கு கண்டது, மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. முடிகிறதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இன்னா ஆனாலும் சரி நைனா, என்னிய நம்ம ஏரில கொண்டாந்து கரைச்சிடு. கன்னிமாவாண்ட போயி சொல்லு, அது உன்ன கை உடாது."

கன்னியம்மா அவருடைய தங்கை, எனக்கு அத்தை. போட்டோவில் கூட நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த உலகத்தில் எனக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒரு பெயர்தான். அப்பாவின் எலும்பையும் சாம்பலையும் ஒரு பால்மாவு டப்பாவில் போட்டு, வெள்ளைத் துணி சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு தனியாகக் கப்பல் ஏறினேன். எனக்கும் அப்போது பத்தொன்பது வயது.

இனிமேல் சொல்லப்போகிறதை என் பெண்டாட்டிக்குக் கூட நான் சொன்னதில்லை. மெட்ராஸ் வந்து சேர்வதற்கு முந்தின நாள் காலையில், கப்பல் மேல்தளத்தில் எங்களோடு படுத்திருந்த ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் ஏறிக் கண் செருகிவிட்டது. அந்த நேரம் பார்த்து என் டப்பாவில் சுற்றிய துணி அவிழ்ந்து, உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் குழந்தையின் அப்பன் பார்த்துவிட்டான். "பொணத்த வச்சுக்கிட்டாடா எங்க பக்கத்துல படுத்து வர்ற?" என்று கத்தினான். ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவன் சட்டையைப் பிடிக்கிறான், ஒருத்தி கையெடுத்துக் கும்பிடுகிறாள், என் பிள்ளை பிழைக்கணும் சாமி, கடலில் போட்டுவிடு என்று அழுகிறாள். எனக்கு ஆள் துணை கிடையாது. பயந்துவிட்டேன். கம்பி ஓரமாகப் போய் டப்பாவைக் கவிழ்த்துவிட்டேன், அவ்வளவுதான், இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை. சாயங்காலமே குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது என்றார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அதற்கப்புறம்தான் புத்தி வந்தது. செத்துப்போன மனுஷன் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் கெடுத்துவிட்டு எந்த முகத்தோடு அத்தை வாசலில் போய் நிற்பது? உன் அண்ணனைக் கடலில் கொட்டிவிட்டேன், எனக்குச் சோறு போடு என்றா கேட்பது? கப்பல் சமையல்கட்டுப் பக்கம் அடுப்புச் சாம்பலைக் குவித்து வைத்திருந்தார்கள். யாரும் பார்க்காதபோது அதை அள்ளி டப்பாவில் நிரப்பி, அதே வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டேன். இப்படி ஒரு பொய்யைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த மண்ணில் கால் வைத்தேன்.

மறுநாள் காலையில் மெட்ராஸ் துறைமுகம். கையெழுத்து, ரேகை, ஊசி எல்லாம் முடிந்து, முகாமுக்குப் போகிறவர்கள் வேன் ஏறினார்கள், விலாசம் வைத்திருந்த நான் மட்டும் டிரங்குப் பெட்டியைத் தலையிலும் டப்பாவை இடுப்பிலும் வைத்துக்கொண்டு சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். சொந்த நாடு என்று பெயர்தான், எனக்கு அது ஏழு கடல் தாண்டின சீமை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ரங்கூனில் எங்கள் தெருவில் தஞ்சாவூர்க்காரர்களும் ராம்நாட்டுக்காரர்களும்தான். என் அப்பா ஒருத்தர்தான் 'இன்னா', 'கீது' என்று பேசுவார், எல்லோரும் கேலி செய்வார்கள், நானும் அது அவருக்கென்று அமைந்த கொச்சை என்றே நினைத்திருந்தேன். சென்ட்ரல் வாசலில் நிற்கிறேன், போர்ட்டர் பேசுகிறான், பழம் விற்கிறவள் பேசுகிறாள், டிக்கெட் கொடுக்கிறவன் பேசுகிறான், எல்லார் வாயிலும் என் அப்பா. அவரைக் கடலில் கொட்டி ஒரு நாள்தான் ஆகியிருந்தது, ஊர் முழுக்க அவரே பேசினால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

லோக்கலில் ஆவடி வந்து இறங்கும்போது உச்சி வெயில். ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிகள் நின்றன. நான் வாயைத் திறக்கவே இல்லை, ஒரு வண்டிக்காரர் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா நைனா, நேத்து கூப்ட்டா ஏறாம நட்துகினே பூட்ட, இன்னிக்குப் பொட்டியோட வந்து நிக்கிற? குந்து, பருத்திப்பட்டு தானே?"

புதிய ஊரில் ஏமாற்றுக்காரர்கள் இப்படித்தான் பழகினவர் மாதிரி பேசுவார்கள் என்று கப்பலிலேயே சொல்லியிருந்தார்கள். டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "நான் இன்னைக்குத்தான் கப்பல்லேர்ந்து எறங்கினேன், நீங்க வேற யாரையோ பார்த்திருப்பீங்க" என்றேன்.

"உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? நேத்து இதே வேளை. துணியெல்லாம் சொட்ட சொட்ட ஈரம். மய கூட இல்லியே, எங்க முளுகிகினு வரேன்னு கேட்டேன், சிரிச்சிகினே பூட்ட. மறந்துட்டியா?"

ஏறாமல் ஓடிவிடலாம் என்று தோன்றியது, எங்கே ஓடுவது? விலாசமே பருத்திப்பட்டுதானே. வெயிலில் கால் சுட்டது, ஏறிவிட்டேன். பூந்தமல்லி போகிற ரோட்டில் வண்டி போகிறது, இரண்டு பக்கமும் வயல், நான் அந்த மனுஷன் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் போலவே ஒருத்தன் கப்பலில் வந்திருந்தான், நான் பார்க்கவில்லை, அவனுக்கும் இந்த ஊர்தான், இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். கப்பலே இன்றைக்குத்தானே வந்தது, அவன் எப்படி நேற்று வந்திருப்பான் என்ற கேள்வியை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தேன்.

ஏரிக்கரை வந்ததும் வண்டி நின்றுவிட்டது. கரை முழுக்கக் கூட்டம். இடுப்பளவு தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு ஆட்கள் மூங்கில் கழியால் குத்திக் குத்தித் தேடிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரர் குரல் கொடுத்தார், "யாருப்பா உழுந்துட்டாங்க?"

கரையோரம் நின்ற ஒரு ஆள் பதில் சொல்லத் திரும்பினான். என்னைப் பார்த்தான். கழியை அப்படியே போட்டுவிட்டு, "ஐயோ! தோ குந்திகினு கீறான்!" என்று அலறிக்கொண்டு ஓடினான். அவ்வளவு பேரும் திரும்பினார்கள். நம்பினால் நம்புங்கள், அவர்கள் அந்த ஏரியில் நேற்று மாலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தது என்னைத்தான், என் பிணத்தைத்தான்.

கையில் தடியோடு ஒரு பெரியவர் மேலே ஏறி வந்தார். எத்திராஜ், அத்தையின் புருஷன், என் மாமா என்பது பிறகுதான் தெரியும்.

"அங்கியே நில்லு. கிட்ட வராத. யார்ரா நீ?"

"பர்மாவிலேர்ந்து வர்றேன். முருகேசன் மகன், தனபால்."

"நேத்து வந்தவனும் முருகேசன் மூஞ்சியோடதான் வந்தான். என் ஊட்டு வாசல்ல குந்தி வயிறு முட்டத் துன்னான். கை கழுவிகினு நேரா இங்க வந்தான். நாங்க நாலு பேரு பாத்துகினே கீறோம், தண்ணில எறங்கினான், கழுத்து மட்டும் போனான், அப்பால காணோம். ராவெல்லாம் தேடிகினு கீறோம். இப்ப நீ யாரு?"

ஒருவன் என் காலைக் குனிந்து பார்த்தான், தரையில் பட்டிருக்கிறதா என்று. இன்னொருவன் ஒரு கடப்பாரையை என் முன்னால் போட்டு, "இதத் தொடு பாக்கலாம்" என்றான். தொட்டேன். வெயிலில் கிடந்த இரும்பு, பழுத்துக்கிடந்தது, "ஆ!" என்று கத்திவிட்டேன். அதைப் பார்த்தும் அவர்கள் முகம் மாறவில்லை. இவர்கள் என்னை அடித்தே கொன்று, அதே ஏரியில் தள்ளிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். பேய்க்கதை கேட்டுப் பயப்படுகிறவர்களை உங்களுக்குத் தெரியும், தன்னையே பேய் என்று ஒரு ஊர் பயந்து நிற்கிறதைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

"முருகேசன் எங்க?" என்றார் மாமா.

டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். "செத்துட்டாரு. இதுல இருக்காரு." சொல்லும்போதே நாக்கு எரிந்தது.

என்னை முன்னால் விட்டு, பத்தடி தள்ளி மொத்தக் கூட்டமும் பின்னால் வந்தது. கூரை வீடு, வாசலில் ஒரு புங்க மரம், மரத்தடியில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் அதே நெற்றி. அழவில்லை, என்னையே பார்த்தாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கேயாவது நிழலாக, நாலு சுவருக்குள்ளே போய் ஒளிந்துகொண்டால் போதும் என்று இருந்தது. அப்பாவை அவர் தங்கை வீட்டுக்குள்ளே சாமி விளக்குப் பக்கத்தில் வைப்பதுதான் முறை என்று நானாக நினைத்துக்கொண்டு, டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி விடுவிடுவென்று போய் வாசற்படியில் காலை வைத்துவிட்டேன்.

பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலாகக் கத்தினார்கள். "அடப்பாவி! அஸ்திய ஊட்டுக்குள்ள கொண்டுகினு போறானே!"

சுடுகாட்டிலிருந்து எடுத்ததை வீட்டுக்குள் கொண்டு போகக்கூடாது, வெளியே மரத்தில்தான் கட்டித் தொங்கவிட வேண்டும், கரைக்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும், இது இங்கே பச்சைப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் பார்த்த முதல் சாவே அப்பாவுடையதுதான். மாமா தடியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். இழுத்தவர் கையை விடவில்லை. என் நாடி அவர் விரலில் அடித்துக்கொண்டது. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இது உசுரோட கீற புள்ளதாம்பா! பிசாசா இருந்தா இதுகூடவா தெரியாது? ஒண்ணுந்தெரியாம வளந்துட்டு வந்துகீது!"

கூட்டம் மூச்சுவிட்டது. யாரோ ஒருத்தி தண்ணீர் கொண்டு வந்தாள். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல், மெதுவாக, "நேத்து வந்தவன் எவ்ளோ கூப்ட்டும் வாசப்படி தாண்டலியே" என்றது. மாமா திரும்பி அத்தையைப் பார்த்தார்.

அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அத நான் நேத்தே பாத்தேன். உள்ள வான்னேன். 'நான் உள்ள வரக்கூடாது கன்னிமா'ன்னுச்சு. அண்ணன் மவன் எவனாச்சும் அத்தைய பேர் சொல்லிக் கூப்டுவானா?"

"தெரிஞ்சிகினே ஏன் சொல்லல?" என்றார் மாமா.

"சொன்னா துன்னாம எழுந்து பூடும். எத்தினி வருசம் கயிச்சி வந்துகீது எங்க அண்ணாத்த. ஒரு வாய் சோறு போடாம தொரத்தவா? ஏரில தேடாதீங்கன்னு தலபாடா அடிச்சிகினேன், யாரு கேட்டீங்க?" என்றாள். சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரி வைக்க உட்கார்ந்தபோது, "நான் நேத்தே அழுதுட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு என் கையிலிருந்து டப்பாவை வாங்கினாள். வாங்கினவள் கையில் வைத்துக்கொண்டு டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் உயிர் என்னிடம் இல்லை. இப்போது கேட்பாள், இப்போது துணியை அவிழ்ப்பாள் என்று நிற்கிறேன். அவள் ஒன்றும் கேட்காமல் புங்கமரக் கிளையில் அதைக் கட்டித் தொங்கவிட்டாள். "நேத்து தோ இங்கதான் குந்திச்சு" என்று மரத்தடியைக் காட்டினாள். குனிந்து பார்த்தேன். ஈரம் காய்ந்த இடத்தில், ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்த அளவுக்கு, மண்மேல் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்துக் கிடந்தது. ஏரித்தண்ணீரில் ஏது உப்பு? அது கடல் உப்பு என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்தேன். குளித்துவிட்டு வா என்றார்கள், குளித்தேன். சாப்பிடு என்றார்கள், அத்தை பிசைந்து போட்டதை விழுங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் ஏரிக்குப் போய்க் கரைத்தோம். நான்தான் தண்ணீரில் இறங்கினேன். சமையல்கட்டுச் சாம்பலுக்கு மூன்று முறை முங்கி எழுந்து, ஊரே கும்பிட, கரைத்தேன். பார்த்தவர்கள், பாவம், அப்பன்மேல் அத்தனை பாசம் என்றார்கள். அத்தை மட்டும் வரவில்லை. மாட்டுக்குப் புல் அறுக்கணும், வேலை கீது, நீங்க போங்க என்று சொல்லிவிட்டாள்.

அவர்கள் என்னைக் கைவிடவில்லை, அப்பா சொன்னது போலவே. மாமாவே அம்பத்தூரில் ஆள் பிடித்து ஒரு பட்டறையில் என்னை லேத்தில் சேர்த்துவிட்டார். அத்தை தினமும் விடியற்காலையில் எழுந்து எனக்குச் சோறு கட்டினாள். எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று அவள் எதிரில் போய் உட்காருவேன், சொன்னால் இந்த வீடும் போய்விடும் என்ற பயத்தில் வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்துவிடுவேன்.

அந்த வருஷம் ஆடி அமாவாசை வந்தது. பெரியவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட வீட்டில் எல்லோரும் ஏரிக்குக் கிளம்பினார்கள். நானும் வேட்டியை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அத்தை என்னைத் தனியாக மரத்தடிக்குக் கூப்பிட்டாள். ஒரு சின்னத் துணி முடிச்சு, உள்ளே எள்ளும் பச்சரிசியும், அதை என் கையில் வைத்து மூடினாள்.

"நீ அங்க வராத நைனா. சமுத்திரத்தாண்ட போ. இப்ப கெளம்பினா லோக்கல புடிச்சிடலாம். அண்ணாத்த அங்கதானே கீது."

குரலில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை, கடைக்கு அனுப்புகிற மாதிரி சொன்னாள். கப்பலில் வந்தவர்களில் ஒருத்தர்கூட எங்கள் ஊர்ப்பக்கம் வந்ததில்லை, அதை நான் நன்றாக விசாரித்துவிட்டேன். ஏரியில் இறங்குவதற்கு முன்னால் அந்த மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டபோது அப்பா அவளிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சாகும்வரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டு முடிச்சை வாங்கிக்கொண்டேன், ஸ்டேஷனுக்கு நடந்தேன்.